வியாழக்கிழமைக்குக் கை தூக்கியவர்கள்

விதியைப் போட்டவளே டீச்சர்தான். அதுதான் வயிற்றெரிச்சல். வேறு யாராவது போட்டிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேள்வி கேட்டிருப்பாள். தன்னைத்தானே எப்படிக் கேட்பது?

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். முதலாளியும் அவளே, வேலையாளும் அவளே. இருப்பது ஒரே ஒரு கார், அதன் தலையில் ‘பயிற்சி வாகனம்’ என்று ஒரு பலகை. கற்றுக்கொள்ள வந்தவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியிலும் ஒரு பிரேக்கையும் ஒரு கிளட்ச்சையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்கள், ஓய்வு பெற்ற கணக்கர்கள், பல் டாக்டர், பேக்கரிக்காரர் என்று யார் யாரோ வந்து அவள் உயிரோடு விளையாடிவிட்டுப் போவார்கள். அத்தனை பேரிடமும் அவள் சொல்வது ஒரே வாக்கியம்தான். “பரவாயில்ல, மெதுவா, இன்னொரு தடவை.” உள்ளே எரிமலை குமுறிக்கொண்டிருக்கும். வாயில் மட்டும் தேன்.

சாயங்காலம் அதே காரில் பலகையைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்வாள். அப்போது ஆரம்பிக்கும் அடுத்த வேலை. பெரியவனுக்குப் பதின்மூன்று வயது. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவன் பெயர் வக்கீல். சின்னவளுக்கு எட்டு. அவள் வாலு, காரணம் சொல்லத் தேவையில்லை. போன வருஷம் இந்த இரண்டு பேரும் சேர்ந்து போகாத வகுப்பு இல்லை. நீச்சல், செஸ், கீபோர்டு, ஓவியம், ஜிம்னாஸ்டிக்ஸ், கையெழுத்து, ஸ்கேட்டிங், இன்னும் என்னென்னவோ. யார் வந்து எதைச் சொன்னாலும் அவர்களுடைய அப்பா மண்டையை ஆட்டிவிடுவார். “சேத்துடலாமே, அதுக்கென்ன?” சேர்ப்பது அவர். கொண்டுபோய் விடுவதும், வெளியே காத்துக்கிடப்பதும், திரும்பக் கூட்டிவருவதும் டீச்சர். அவருக்குத்தான் கார் ஓட்டத் தெரியாதே. ரோட்டைப் பார்த்தாலே படபடப்பாம். ஊருக்கெல்லாம் ஓட்டச் சொல்லித்தருகிறவளின் புருஷனுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது என்பது அந்தத் தெருவிலேயே பெரிய நகைச்சுவை. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஒருநாள் களைப்பில், வாலுவைக் கையில் கீபோர்டோடு நீச்சல்குளத்து வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, வக்கீலை நீச்சல் உடையில் கீபோர்டு வகுப்புக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள் டீச்சர். அன்றைக்குத்தான் விதி பிறந்தது. இந்த வீட்டுக்கு வாரத்துக்கு ஆறு சவாரி. அதற்கு மேல் ஒன்று கிடையாது. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பழையதில் ஒன்று போக வேண்டும். எது போவது என்பதை நாலு பேரும் உட்கார்ந்து கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். யாரும் அழக் கூடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நியாயமாக நடந்துகொள்கிறேன் பேர்வழி என்று அவள் செய்த காரியம்தான் இத்தனைக்கும் காரணம். பிள்ளைகளுடையது ஐந்து, தன்னுடையது ஒன்று என்று கூட்டி ஆறு சொன்னாள். அவளுடையது வியாழக்கிழமை வாலிபால்.

அது பெரிய போட்டி ஒன்றும் இல்லை. நூலகத்துக்குப் பின்னால் விளக்குப் போட்ட ஒரு மைதானம். மருந்துக்கடை அக்காதான் கேப்டன். ஒரு வங்கிக் காசாளர், இரண்டு நர்சுகள், அழகு நிலையம் வைத்திருப்பவள், இவள். வலைக்குப் பக்கத்தில் நின்று எகிறி அடிக்கிறவள் டீச்சர். வாரம் முழுக்க ‘பரவாயில்ல, மெதுவா’ என்று சொல்லிச் சொல்லி மென்று விழுங்கியதெல்லாம் அந்த ஒரு அடியில் வெளியே போகும். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் அவள் கை ஓங்கினால் முகத்தை மறைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது அவளுக்கு உலகத்தில் யார்மேலும் கோபம் இருக்காது. வாரத்தில் அப்படி ஒரு நாள்தான்.

இப்போது வக்கீலுக்கு விவாதப் பயிற்சி வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம்தான் நடக்குமாம். வேறு நாளே கிடையாதாம்.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு நாலு பேரும் உட்கார்ந்தார்கள். டீச்சர், செஸ் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவனே அலுத்துக்கொண்டுதான் போய்க்கொண்டிருந்தான். வக்கீல் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“நம்ம வீட்ல கார் ஒண்ணுதான். டிரைவரும் ஒருத்தர்தான். அதனால ஆறுக்கு மேல முடியாதுன்னு அம்மா சொல்றது சரி. நான் ஒத்துக்கறேன். இப்போ எது போகணும்னா, எதால எதிர்காலத்துல பிரயோஜனம் இல்லையோ அதுதான் போகணும். செஸ்ல நான் மாவட்ட அளவுக்குப் போகலாம். வாலு இப்பதான் கைய ஊனிப் பல்டி அடிக்கக் கத்துக்கிட்டிருக்கா. ஆனா அம்மா இனிமே வாலிபால்ல எங்கயும் போகப் போறது இல்ல.”

டீச்சருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பையன் நன்றாகப் பேசுகிறான் என்று ஒரு பெருமைகூட எட்டிப் பார்த்தது. சிரிப்பு முடிவதற்குள் அவன், “அம்மாவோட வியாழக்கிழமைய எடுத்துடலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க” என்று தன் கையைத் தூக்கிவிட்டான்.

வாலு உடனே தூக்கினாள். காரில் முன் சீட்டை ஒரு மாதத்துக்கு அவளுக்கு விட்டுக்கொடுப்பதாக அண்ணன் ஏற்கெனவே பேசி முடித்திருந்தான் என்பது பிறகு தெரியவந்தது. டீச்சர் புருஷனைப் பார்த்தாள். அவர் மேஜைமேல் இல்லாத ஒரு கறையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க?”

“இல்லம்மா, பையன் சொல்றதுலயும் ஒரு இது இருக்கு. ஒரு வருஷம்தானே. நீ கொஞ்சம் விட்டுக்கொடேன்.” சோம்பல் முறிப்பவரைப் போல அவர் கையும் மேலே போயிற்று.

மூன்றுக்கு ஒன்று. யாரும் அழக் கூடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அவளே போட்ட விதி. டீச்சர் எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். அன்றைக்கு அந்த வீட்டுப் பாத்திரங்கள் பட்ட பாடு பாத்திரங்களுக்குத்தான் தெரியும்.

மருந்துக்கடை அக்காவுக்குப் போன் செய்து, கொஞ்ச நாள் வர முடியாது என்றாள்.

“ஏண்டி, உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்லக்கா. பையனுக்கு கிளாஸ்.”

“வீட்டுக்காரர் கூட்டிட்டுப் போகட்டுமே.”

“அவருக்கு ஓட்டத் தெரியாதேக்கா.”

“ஓ,” என்று போனை வைத்துவிட்டாள் அக்கா. அந்த ‘ஓ’தான் டீச்சருக்குச் சுருக்கென்றது.

விவாதப் பயிற்சிக்குப் போகிற வழி நூலகத்தைத் தாண்டித்தான். சிவப்பு விளக்கு சரியாக அங்கேதான் விழும். வேலிக் கம்பிகளுக்கு நடுவே மைதானம் தெரியும். அவளுடைய இடத்தில் வங்கிக் காசாளர் நின்றுகொண்டு பந்தைத் தள்ளிவிடுவாள். அடிக்க மாட்டாள், தள்ளிவிடுவாள். பச்சை விழுந்ததும் பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்கும்வரை டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பின் சீட்டில் வக்கீல், அன்றைய தலைப்புக்கான வாதங்களைத் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பான். முன் சீட்டில் வாலு ஜன்னலை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருப்பாள். இரண்டு பேருக்கும் அந்த மைதானம் கண்ணில் படவே இல்லை.

பயிற்சி நடக்கும் கட்டடத்துக்கு வெளியே அவளைப் போலவே வரிசையாகக் கார்களில் அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கினாள். ஒருத்தி மடியில் வைத்துக் காய் நறுக்கினாள். டீச்சருக்கு அவர்கள்மேலும் எரிச்சல் வந்தது. இத்தனை பேரும் எதற்காக வாயை மூடிக்கொண்டு கிடக்கிறோம் என்று கதவைத் திறந்து இறங்கிக் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. உள்ளே இருந்து பையன்கள் கை தட்டுகிற சத்தம் வந்தது.

கோபம் ஒரு இடத்தில் அடைத்தால் இன்னொரு இடத்தில் வெளியே வரும். பல் டாக்டர் கியர் மாற்றும்போதெல்லாம் குனிந்து கியரையே பார்ப்பார். கற்றுக்கொள்கிற எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு, போகப் போகச் சரியாகிவிடும். எத்தனையோ முறை பொறுமையாகச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு, “வாய்க்குள்ள பாக்காம பல்லப் புடுங்குவீங்களா? ரோட்டப் பாருங்க” என்று கத்திவிட்டாள். பல் டாக்டர் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீச்சருக்கு அவமானமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டாள். ஆனால் அவர் இறங்கிப் போன பிறகு தனியாக உட்கார்ந்திருந்தபோது ஒரு விஷயம் அவளுக்குத் தெளிவாயிற்று. கத்தியிருக்க வேண்டிய ஆள் வேறு, கத்தியது வேறு ஒருவரிடம்.

அன்று சாப்பிடும்போது சொன்னாள். “ஆறு சவாரின்னு கணக்கு வெச்சது ஒரு டிரைவருக்கு. ரெண்டு டிரைவர் இருந்தா அந்தக் கணக்கே மாறிடும். ஞாயித்துக்கிழமை காலைல நீங்க என்கூட வர்றீங்க. ஓட்டக் கத்துக்கறீங்க.”

அவருக்குப் புரையேறியது. “நானா? எனக்கு அதெல்லாம் வராதும்மா. தெரியாதா உனக்கு.”

“பேக்கரிக்காரருக்கு ஒரு கண்ணு சரியாத் தெரியாது. அவருக்கே வந்துச்சு.”

“கடைல வேற இப்ப வேலை ஜாஸ்தி.” அவர் ஒரு மேஜை நாற்காலிக் கடையில் கிடங்குப் பொறுப்பாளர். ஊரின் மறுகோடியில் இருந்தது கடை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவார். டீச்சர் இதுவரை இரண்டு முறையோ மூன்று முறையோ அங்கே போயிருப்பாள்.

“ஞாயித்துக்கிழமை கடை லீவுதானே.”

எதையாவது எடுத்துக்கொடுத்து அப்பாவைக் காப்பாற்றுகிற வக்கீல் அன்றைக்குத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வாலு மட்டும் களுக்கென்று சிரித்தாள். அண்ணன் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தது டீச்சருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கிடங்குகள் எல்லாம் பூட்டிக் கிடக்கிற ஒரு தெரு. புதிதாக வருகிற எல்லோரையும் டீச்சர் முதலில் அங்கேதான் கூட்டிப்போவாள். ஆள் நடமாட்டம் இருக்காது, முட்டினாலும் சுவர்தான். பலகையை மாட்டிவிட்டு அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

நடிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சாவியை எங்கே போடுவது என்று தேடினார். கிளட்ச் எது பிரேக் எது என்று இரண்டு முறை கேட்டார். கிளட்ச்சைப் படக்கென்று விட்டு வண்டியைத் தவளை மாதிரி குதிக்கவைத்து நிறுத்தினார். “சொன்னேன்ல” என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மறுபடி கிளப்பினார், மறுபடி குதித்தது, மறுபடி நின்றது.

“பரவாயில்ல. மெதுவா. இன்னொரு தடவை,” என்றாள் டீச்சர். தன் மனுஷன் இவ்வளவு பயந்து நடுங்குகிறாரே என்று அவளுக்கே ஒரு இரக்கம் வந்துவிட்டது. பாவம், போதும், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போதுதான் முன்னால் இருந்த ஒரு கிடங்கின் கதவு திறந்து, ஒரு லாரி பின்பக்கமாக வெளியே வந்தது. ஓட்டுகிறவன் இவர்களைப் பார்க்கவில்லை. தெருவோ குறுகல். லாரி வந்துகொண்டே இருந்தது.

டீச்சரின் கால் பிரேக்குக்குப் போவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. வண்டி துள்ளவில்லை, நிற்கவில்லை. அவர் கையின் போக்கில் சாவி திரும்பியது, கியர் ரிவர்ஸில் விழுந்தது. குனிந்து பார்க்கவே இல்லை. ஒரு கையை அவளுடைய இருக்கையின் தோளில் போட்டுத் திரும்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தபடி, ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை உருட்டிக்கொண்டு, தெருவின் வளைவையும் தாண்டிப் பின்னாலேயே கொண்டுபோனார். சுவருக்கு ஒரு சாண் விட்டு ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, கியரை நடுவில் தட்டிவிட்டார். லாரி தாண்டிப் போயிற்று. அதன் டிரைவர் நன்றி சொல்லிக் கையை ஆட்டினான். இவரும் பழக்கதோஷத்தில் ஆட்டினார்.

அப்புறம்தான் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறது என்று ஞாபகம் வந்தது.

“ஐயையோ,” என்றார். “எப்படிப் போச்சுன்னே தெரியலம்மா.”

ரிவர்ஸ்தான் டீச்சரிடம் வருகிறவர்களை அழவைக்கிற பாடம். அந்த வளைவில் பின்னால் வர, அவளிடம் தேறி லைசென்ஸ் வாங்கியவர்களிலேயே பாதிப் பேருக்கு வராது. அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

“எத்தனை வருஷமா ஓட்டறே?”

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் அப்படி ஒருமையில் கூப்பிட்டதில்லை. அவரும் அதைத் திருத்தவில்லை.

“கடை வேன்தான். டெலிவரிக்கு. டிரைவர் நின்னுட்டான், அப்போ முதலாளி கேட்டாரு.”

“எத்தனை வருஷம்?”

“வாலு கைக்குழந்தையா இருந்தப்ப.”

“லைசென்ஸ்?”

“இருக்கு. கடை டிராயர்ல.”

டீச்சர் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். வாலு கைக்குழந்தையாக இருந்தபோது, அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் இவள்தான் தூக்கம் கலையாத கண்ணோடு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். இவர் பின் சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, “பாத்துப் போம்மா, பாத்துப் போம்மா” என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஜுரத்தில் அவளே சுருண்டு கிடந்த நாளிலும், எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு செஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். அப்போது இவர் வாசலில் நின்று, “எனக்கு மட்டும் ஓட்டத் தெரிஞ்சா” என்று உச்சுக் கொட்டினார். அந்த உச்சுக்கொட்டலை நினைத்ததும் அவளுக்குக் காது இரண்டும் சுட்டது.

“ஏன்?” என்றாள்.

அவர் கொஞ்சம் பூசி மெழுகிப் பார்த்தார். சர்ப்ரைஸாகச் சொல்லலாம் என்று இருந்தாராம். அப்புறம் சொல்ல நேரம் வாய்க்கவில்லையாம். அவள் அசையாமல் இருப்பதைப் பார்த்துக் கடைசியில் உண்மையைச் சொன்னார்.

“தெரியும்னு சொன்னா எல்லாம் என் தலைல விழும்ல. வேலை முடிஞ்சு வந்தா கொஞ்சம் காலை நீட்டி உக்காரணும்னு இருக்காதா? நீயும் ஒண்ணும் சொல்லாம ஓட்டிக்கிட்டுதானே இருந்த.”

“எனக்குக் கால் இல்லையா நீட்ட?”

அவர் கைபிரேக்கைத் தடவினார்.

“பசங்களுக்குத் தெரியுமா?”

அவர் மெல்ல, “நீ ஊருக்குப் போயிருந்தப்ப வேன் எடுத்துட்டு வந்து ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன். ரெண்டு மூணு தடவை. அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னேன்,” என்றார்.

மேஜையைச் சுற்றித் தூக்கியிருந்த மூன்று கைகளும் டீச்சர் கண்முன்னால் வந்து நின்றன. ‘டிரைவர் ஒருத்தர்தான்’ என்று எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னானே அந்தப் பயல். தெரிந்தே சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டே இந்த மனுஷன் கை தூக்கினார். எட்டு வயசுப் பொடிசுகூட அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறது. வீட்டில் அவள் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

“வண்டிய எடு. வீட்டுக்குப் போ,” என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கி மடக்கி உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த இருக்கையில் அவள் அப்படி உட்கார்ந்ததே இல்லை. அவளுடைய பிரேக் கீழே தன்பாட்டில் கிடந்தது. சந்தை ரோடு வழியாகப் போகச் சொன்னாள். ஊரிலேயே மோசமான ரோடு. மாடு, சைக்கிள், ஆட்டோ, குறுக்கே ஓடுகிற குழந்தைகள். அவர் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓட்டிக்கொண்டு போனார். தலைமேல் ‘பயிற்சி வாகனம்’ பலகை. பக்கத்தில் போன ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, “சார் சீக்கிரம் கத்துக்கிட்டாரு டீச்சர்” என்றார். டீச்சர் திரும்பவில்லை.

வீட்டு வாசலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரே மூச்சில் சொருகி நிறுத்தினார். அவளாக இருந்தால்கூட ஒரு முறை முன்னே எடுத்துத்தான் சரிசெய்வாள். அந்த ஆத்திரத்திலும் அது அவள் கண்ணில் பட்டது. அதற்காகவும் சேர்த்து அவர்மேல் கோபம் வந்தது.

உள்ளே போனதும் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். இரண்டும் வந்து நின்றன. அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே வக்கீலுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“அப்பா வண்டி ஓட்டுவாருன்னு உனக்குத் தெரியுமா?”

“நான் பொய் சொல்லலம்மா. யாரும் என்கிட்ட கேக்கல.”

“டிரைவர் ஒருத்தர்தான்னு சொன்னியே, அது என்ன?”

“அது…” அவன் அப்பாவைப் பார்த்தான். “நம்ம கார ஓட்டறது நீ ஒருத்திதானே. அந்த அர்த்தத்துல சொன்னேன்.”

“நல்லாப் பேசறடா. அந்த கிளாசுக்கு உன்னை அனுப்பவே வேண்டாம். பெத்தவகிட்டயே இப்படிப் பேசறவனுக்கு இனிமே யாரு என்ன சொல்லித்தரணும்?”

டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. வாலு அழ ஆரம்பித்தாள்.

“அண்ணன்தான் சொல்லாதேன்னான். முன் சீட் தர்றேன்னான்.”

“உன் முன் சீட்டுக்காக என் வியாழக்கிழமைய வித்தியா?” என்றாள் டீச்சர். சொல்லிவிட்டு, எட்டு வயசுப் பிள்ளையிடம் இதைக் கேட்கிறோமே என்று அவளுக்கே வலித்தது. ஆனால் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கேட்க வேண்டியதுதான்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கிடங்கில் ஏதாவது உடைந்துபோனால் வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துகிற குரல் ஒன்று அவருக்கு உண்டு. அது வந்தது.

“சரிம்மா, தப்புதான். நான் ஒத்துக்கறேன். இப்ப அத எப்படி சரி பண்றதுன்னு பாப்போம். வா, உக்காரு. நம்ம முறைப்படியே முடிவு பண்ணிடுவோம்.”

வக்கீல் அந்தக் கயிற்றைப் பாய்ந்து பிடித்துக்கொண்டான். “ஆமாம்மா. விவாத கிளாசுக்கு அப்பா கூட்டிட்டுப் போகட்டும். நீ வாலிபால் போ. ரெண்டும் நடக்கும். யாருக்கும் நஷ்டமில்ல. அம்மா வியாழக்கிழமை வாலிபால் போகலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க.”

அவன் கை முதலில் உயர்ந்தது. வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டே தூக்கினாள். அவரும் தூக்கினார். இந்த முறை சோம்பல் முறிக்கவில்லை, நன்றாக, நேராக, பெரிய மனசு பண்ணித் தூக்கினார். மூன்று பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் உட்கார்ந்து கையைத் தூக்கிவிட்டால் எல்லாம் சுபம் என்கிற சிரிப்பு.

டீச்சர் உட்காரவில்லை.

“கைய இறக்குங்க,” என்றாள்.

“உனக்காகத்தானேம்மா தூக்கறோம்,” என்றார் அவர்.

“இறக்குங்கன்னு சொன்னேன். அது நீங்க எடுக்கறதுக்கும் இல்ல, நீங்க குடுக்கறதுக்கும் இல்ல.”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாலு முதலில் இறக்கினாள். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்து, முதல் முறையாகச் சொல்லாமலே இறக்கினான். அவருடைய கை கடைசிவரை அங்கேயே இருந்தது. அதை என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை. பிறகு அதுவும் இறங்கி மேஜைமேல் கிடந்தது.

டீச்சர் அங்கேயே, அவர்கள் முன்னாலேயே, போனை எடுத்து மருந்துக்கடை அக்காவைக் கூப்பிட்டாள்.

“வர்ற வியாழக்கிழமை வர்றேன்க்கா.”

அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. “அப்பாடா. என்னடி, வீட்ல சரின்னுட்டாங்களா?”

“நான் கேக்கலக்கா,” என்றாள் டீச்சர்.